முற்றத்து மண்ணை முதலில் பாருங்கள்
(வாசகர் கேள்விகளுக்கு டாக்டரம்மா பதில்கள்)

மண்ணால் வரும் நோய்களைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். ராமேசுவரம் தீவிலிருந்தும் சாயல்குடிப் பக்கமிருந்தும் ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். அந்த வீட்டில் நடப்பது இந்தக் கரை நெடுக நடக்கிறது என்பது இங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தவள் என்ற முறையில் எனக்குத் தெரியும்.

*

டாக்டரம்மாவுக்கு வணக்கம். என் வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். வலைக்கு வேண்டிய ஈயக்குண்டுகளை மாமனார் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே உருக்கி வார்க்கிறார். சில சமயம் பழைய பேட்டரித் தகடுகளும் வாங்கி வருவார். என் மூன்று வயது மகன் அந்த இடத்தில்தான் விளையாடுவான், மண்ணை அள்ளித் தின்பான். கொஞ்ச நாளாக வயிற்றுவலி என்று அழுகிறான். சாப்பாடு இறங்குவதில்லை, மலம் கட்டிக்கொள்கிறது, முகம் வெளுத்துவிட்டது. பூச்சி மருந்து கொடுத்தும் சரியாகவில்லை. முன்பு பேசிய அளவுக்கு இப்போது பேசுவதும் இல்லை. மாமனாரிடம் சொன்னால், "நாங்களெல்லாம் இதிலேயே வளர்ந்தவர்கள்தானே" என்கிறார்.
– வாசகி, தங்கச்சிமடம்

மகளே, இந்த இதழ் உன் கைக்கு வந்த மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போ. எனக்கு எழுதியதை அப்படியே குழந்தை மருத்துவரிடம் சொல். "வீட்டில் ஈயம் உருக்குகிறோம், பிள்ளை அந்த மண்ணைத் தின்கிறான்" என்பதை முதலில் சொல். ஈயம் உடம்பில் ஏறினால் அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை, எரிச்சல், பேச்சு பின்னடைவது என்று தனித்தனியாகத்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம். அதனால் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லாவிட்டால் எந்த மருத்துவருக்கும் சந்தேகம் வராது. வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ரத்தம் குறைவு என்பது மட்டும்தான் தெரியும். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கு நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, அதற்கென்று இருக்கும் குழாயில் அனுப்ப வேண்டும். இங்கே வசதி இல்லாவிட்டால் மதுரைக்கு அனுப்புவார்கள். சலிக்காமல் போ.

பயமுறுத்த எழுதவில்லை. பிள்ளைக்கு ஈயம்தான் என்று பார்க்காமல் சொல்லவும் மாட்டேன். ஆனால் நீ எழுதியிருப்பதில் வயது, மண் தின்பது, உருக்கும் இடம் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. அதைப் படித்துவிட்டு எந்த மருத்துவராலும் சும்மா இருக்க முடியாது.

மண்ணில் ஈயம் எப்படிச் சேருகிறது என்று சொல்கிறேன். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். சீமைக்கருவேலக் கரி போட்டு ஊதினால் சட்டியின் சூடு அதைத் தாண்டி எங்கேயோ போகும். அப்போது கண்ணுக்குத் தெரியாத ஈயப் புகை எழும்பி, கொஞ்ச தூரத்துக்குள்ளேயே தூளாக இறங்கும். உருகிய ஈயத்தின் மேல் ஆடை கட்டுகிறதே, அதை வழித்து ஓரமாகத் தட்டுவார்கள். அந்தக் கசடு ஏறக்குறைய முழுவதும் ஈயத் தூள்தான். பேட்டரித் தகடு இன்னும் மோசம். அதில் ஒட்டியிருக்கும் பசை காய்ந்தால் மாவாக உதிரும், அமிலமும் கூடவே வரும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வலை கட்டுவதும் குண்டு வார்ப்பதும் கரையில் மும்முரமாக நடக்கும் நாட்கள் அவை. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். அடுத்து கச்சான் காற்று பிடித்துவிட்டால் பின்முற்றத்துத் தூசி அடுப்படிக்கும் பாய்க்கும் வந்துவிடும்.

தீவின் மண் பவளச் சுண்ணாம்பு கலந்தது. சுண்ணாம்பு மண்ணில் ஈயம் சீக்கிரம் கீழே இறங்காமல் மேலேயே தங்கிவிடும். அப்படியானால் கிணறு தப்பித்தது, நல்லதுதானே என்று தோன்றும். பிள்ளைக்கு அது நல்லதில்லை. சுண்ணாம்போடு சேர்ந்த ஈயம் தண்ணீரில் கரையாது, ஆனால் வயிற்றுப் புளிப்பில் சுலபமாகக் கரைந்துவிடும். எத்தனை மழை பெய்தாலும் போகாமல், பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் அது காத்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் மாமனாரிடம் நானே பேசுகிறேன், இந்த இடத்தை அவருக்கு வாசித்துக் காட்டு. அண்ணே, என் அப்பாவும் தேவிபட்டினத்தில் வலை கட்டியவர்தான். எங்கள் வீட்டிலும் ஈயச் சட்டி இருந்தது. தொழிலைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பெரியவர் வயிற்றில் போகிற ஈயத்தைப் போல நான்கைந்து மடங்கைச் சின்னப் பிள்ளையின் குடல் உறிஞ்சிக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் அதிகமாக உறிஞ்சும். உறிஞ்சியது மூளை வளரும் வயதில் மூளைக்குப் போகிறது, மிச்சம் எலும்பில் பல வருஷம் தங்குகிறது. இவ்வளவு வரை இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல ஈயத்துக்கு ஓர் அளவே கிடையாது. "நாங்கள் வளர்ந்தோம்" என்கிறீர்கள். உங்களோடு விளையாடியவர்களில் யாருக்குப் படிப்பு ஏறவில்லை, யாருக்கு எப்போதும் வயிற்றுவலி, எந்த வீட்டில் கரு தங்கவில்லை என்று அன்றைக்கு யாரும் ஈயத்தோடு முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகர் டக்கார் பக்கத்தில் தியாரோய் என்று ஒரு கடலோர ஊர் இருக்கிறது. அங்கேயும் கொல்லர்கள் பழைய பேட்டரியிலிருந்து ஈயம் எடுத்து வலைக்குக் குண்டு வார்த்தார்கள். பல வருஷமாகத் தெரு மணலில் ஈயம் சேர்ந்துகொண்டே வந்தது. பிறகு ஈயத்துக்கு விலை ஏறியதும், பெண்கள் அந்த மணலை வீட்டுக்கு அள்ளிப் போய்ச் சலித்து விற்றார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் நடுவில் அந்த ஒரே பகுதியில் 18 குழந்தைகள் இறந்தார்கள். முதலில் என்ன நோய் என்றே யாருக்கும் புரியவில்லை. நம்மைப் போல வலையும் படகும் வைத்துப் பிழைக்கிற சனங்கள் அவர்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து ஈயச் சட்டி வைத்திருக்கிற எந்த வீட்டைப் பார்த்தாலும் எனக்கு மனசு கேட்பதில்லை.

இனி செய்ய வேண்டியது. வீட்டில் உருக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். வார்த்த குண்டு கடையில் கிடைக்கிறது, வாங்கிக் கட்டுங்கள். பேட்டரியை உடைக்கவே கூடாது. பழைய பேட்டரிகளைப் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் சேர்க்க வேண்டும் என்று 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளே சொல்கின்றன. உருக்கிய சட்டியையும் கரண்டியையும் சமையல் பக்கம் கொண்டுவராதீர்கள். அந்த இடத்து மண்ணைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், அள்ளிக் கடலிலும் கொட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, வெளியிலிருந்து கொண்டுவந்த சுத்தமான மண்ணை அரை அடிக்குக் குறையாமல் கொட்டி, முடிந்தால் மேலே சிமெண்டுத் தளம் போட்டுவிடுங்கள். அதுவரை பிள்ளை போக முடியாதபடி அடைத்து வையுங்கள். வீட்டுக்குள் தரையை ஈரத் துணியால் துடையுங்கள். ஈயம் தொட்ட கைலியைப் பிள்ளையின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். அந்த இடத்தில் கீரைப் பாத்தி இருந்தால் பிடுங்கிப் போடு. வேறு குழந்தைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் பரிசோதனை வேண்டும், நீ மறுபடி கர்ப்பமாக இருந்தால் உனக்கும்.

பரிசோதனையில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் வந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நீக்க வேண்டும். 45-ஐத் தொட்டால் ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் கொடுப்பார்கள். அந்த மருந்தைக் கடையில் தானாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. பிள்ளையைத் திரும்ப அதே மண்ணில் இறக்கிவிட்டால் அந்த மருந்தால் பயனும் இல்லை. யாராவது பற்பம், செந்தூரம் கொடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, நெல்லிக்காய் தாராளமாகக் கொடு. வெறும் வயிற்றில் ஈயம் அதிகம் ஏறும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊட்டு. முடிவு வந்ததும் எனக்கு எழுது மகளே, காத்திருப்பேன்.

*

என் மருமகள் ஐந்து மாத கர்ப்பிணி. யாருக்கும் தெரியாமல் சுவர் மண்ணைச் சுரண்டித் தின்கிறாள், சாம்பலும் சிலேட்டுக்குச்சியும் கூட. கண்டித்தால் அழுகிறாள். இது மசக்கைதான், விட்டுவிடலாமா?
– வாசகி, கீழக்கரை

விடாதீர்கள், கண்டிக்கவும் செய்யாதீர்கள். மண் வாசனைக்கு நாக்கு ஏங்குவது பெரும்பாலும் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்ததன் அடையாளம். அவள் வெட்கப்படும்படி பேசினால் ஒளிந்து தின்பாள், அவ்வளவுதான் நடக்கும். ஹீமோகுளோபின் பாருங்கள். சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை டீயோடு சேர்க்காமல், சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்க்காமல் வேறு வேளையில் கொடுங்கள். ரத்தம் ஏற ஏற மண் ஆசை தானாகக் குறைவதை எத்தனையோ பெண்களிடம் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அந்தச் சுவரைப் பற்றித்தான் அதிகக் கவலை. பழைய பெயிண்ட் அடித்த சுவரா? இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த பெயிண்டில், முக்கியமாக கதவு ஜன்னலின் மஞ்சள், பச்சை, சிவப்பில், ஈயம் நிறைய இருக்க வாய்ப்புண்டு. உதிர்ந்த பெயிண்ட் சுவரடி மண்ணில்தான் விழும். கர்ப்பத்தில் இன்னொரு விஷயமும் நடக்கிறது. குழந்தையின் எலும்புக்காகத் தாயின் எலும்பு கரைந்து கொடுக்கும்போது, அவள் சின்ன வயதில் எலும்பில் சேர்த்துவைத்த ஈயமும் ரத்தத்துக்கு வரும். அதனால்தான் பாலும் கேழ்வரகும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் இந்த மாதங்களில் முக்கியம்.

இன்னொன்று. குழந்தை பிறந்ததும் கண்ணுக்குச் சுர்மா இட வேண்டாம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள். கடையில் விற்கும் சுர்மாவில் பல ஈயக் கல்லைப் பொடித்துச் செய்தவை.

*

மண்வள அட்டையில் என் நிலத்துக்கு எல்லாம் சரி என்று வந்திருக்கிறது. அப்படியானால் மண்ணில் விஷம் இல்லை என்று நம்பலாமா? நகராட்சிக் குப்பைமேட்டு மக்கு மண்ணை டிராக்டரில் மலிவாகக் கொடுக்கிறார்கள். நெல்லுக்கும் மிளகாய்க்கும் போடலாமா?
– விவசாயி, ஆர்.எஸ்.மங்கலம்

ஐயா, நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்க்காரர் நீங்கள். கண்மாய் வண்டல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது குப்பைமேட்டு மண் எதற்கு?

முதல் கேள்விக்கு வருகிறேன். மண்வள அட்டைத் திட்டம் 2015-ல் வந்தது. அதில் பார்ப்பது 12 விஷயங்கள்: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துத்திறன், அங்ககக் கரிமம். பயிருக்கு என்ன குறை என்று சொல்வதற்கான அட்டை அது, அதை நன்றாகவே சொல்கிறது. ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் அதில் ஒன்றுமே கிடையாது. அவற்றுக்குத் தனியாகக் கன உலோகப் பரிசோதனை என்று கேட்டு, அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் பணம் கட்டிப் பார்க்க வேண்டும். எல்லா வயலுக்கும் இது தேவையில்லை. பேட்டரிக் கடை, மெக்கானிக் பட்டறை, குப்பைமேடு, பழைய கம்பி எரிக்கும் இடம் பக்கத்தில் இருந்தால் பாருங்கள். ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. மாதிரி எப்படி எடுப்பது, எங்கே அனுப்புவது என்று அங்கே கேளுங்கள்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைகள் விளையாடும் மண்ணில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் ஈயம் என்று அமெரிக்காவில் பல வருஷம் ஓர் எல்லை வைத்திருந்தார்கள். 2024 ஜனவரியில் அதை 200 ஆக இறக்கினார்கள். குழந்தையைக் காப்பாற்ற அந்த எல்லை போதாது என்று தெரிந்ததால்தான் இறக்கினார்கள். நம் உரக் கட்டுப்பாட்டு ஆணையிலும் நகரக் குப்பை உரத்துக்கு வரம்பு உண்டு. கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம். டிராக்டர்காரரிடம் பரிசோதனைத் தாளைக் கேளுங்கள். தாள் இல்லாத குப்பை மண் வயலுக்குள் வரக் கூடாது. டார்ச் செல், டியூப்லைட், மாத்திரை அட்டை, பெயிண்ட் டப்பா எல்லாம் கலந்து மக்கிய மண் அது.

நான் அதிகம் பயப்படுவது காட்மியத்துக்கு. ஜப்பானில் தோயாமா மாவட்டத்தில் ஜின்சூ ஆற்றில் சுரங்கக் கழிவு கலந்தது. அந்த ஆற்றுப் பாசனத்தில் விளைந்த அரிசியைத் தின்று சிறுநீரகம் கெட்டு, எலும்பு நொறுங்கி, வலியில் கத்தியவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்று நடுவயது கடந்த பெண்கள். 1968-ல்தான் அந்த அரசு இது காட்மியத்தால் வந்தது என்று ஒப்புக்கொண்டது. சிறுநீரகத்துக்குள் போன காட்மியம் பாதியாகக் குறையவே பத்து முப்பது வருஷம் ஆகும். உங்கள் வயலில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் மாவட்டத்துக்கென்று இரண்டு விஷயம் இருக்கிறது. மண்ணில் உப்பு அதிகமானால் அதிலுள்ள குளோரைடு காட்மியத்தைக் கரைய வைத்து வேருக்குக் கொடுத்துவிடும். இன்னொன்று, வயலில் தண்ணீர் நிற்கும் வரை காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து முடங்கிக் கிடக்கும். கதிர் முற்றும் நேரத்தில் கண்மாய் வற்றி வயல் காய்ந்தால் மறுபடி கரையும். நம் ஊரில் கண்மாய் எப்போது வற்றும் என்று உங்களுக்குத் தெரியாததா? வேறு ஊரில் தாங்கும் அளவு இங்கே தாங்காது.

டிஏபியிலும் சூப்பர் பாஸ்பேட்டிலும்கூட பாறையிலிருந்து வந்த காட்மியம் கொஞ்சம் உண்டு. அட்டையில் மணிச்சத்து போதும் என்று வந்திருந்தால் பக்கத்து வயல்காரர் போடுகிறார் என்று நீங்களும் போடாதீர்கள்.

மிளகாயைத் தார்ச்சாலையில் காயப்போடுவதையும் விட்டுவிடுங்கள், ஐயா. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-ல்தான் முழுவதும் நின்றது. அத்தனை வருஷப் புகையின் ஈயம் சாலையோர மண்ணில் இன்னும் இருக்கிறது. நம் முண்டு வத்தலுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. களத்தில் தார்ப்பாய் விரித்துக் காயவைப்பதுதான் அதற்கு மரியாதை.

*

ஏர்வாடிக் கடற்கரையில் கருமணல் திட்டாகக் கிடக்கிறது. அதில் கதிர்வீச்சு இருக்கிறது, புற்றுநோய் வரும் என்கிறார்கள். உண்மையா?
– கல்லூரி மாணவர், ஏர்வாடி

தம்பி, மணல் கருப்பாக இருப்பது பெரும்பாலும் இல்மனைட் என்ற இரும்பு, டைட்டானியம் கலந்த தாதுவால். சிவப்பாக மின்னுவது கார்னெட். கதிர்வீச்சு தரும் தோரியம் இருப்பது மோனசைட்டில், அது தேன் நிறம். மோனசைட் அதிகமுள்ள கன்னியாகுமரி மணவாளக்குறிச்சியும் கேரளத்துக் கருநாகப்பள்ளியும் பெயர் பெற்ற இடங்கள். கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. கடற்கரையில் நடப்பதற்குப் பயப்படாதே. மூட்டுவலி போகும் என்று மணலில் புதைந்து படுக்கவும் வேண்டாம்.

*

என் அப்பா சீமைக்கருவேலம் வெட்டி கரிமூட்டம் போடுபவர், செருப்பு போடுவதே இல்லை. நாலு வருஷம் முன்பு பாதத்தில் முள் குத்தியது. முள்ளை எடுத்தாயிற்று, புண்ணும் ஆறியது. பிறகு அதே இடம் மெல்ல வீங்கி இப்போது பாதமே உருண்டுவிட்டது. வலி இல்லை என்கிறார். சின்னச் சின்னத் துளைகள், அதிலிருந்து நீரும் கருப்பாகப் பொடியும் வருகிறது. எருக்கம்பால் வைத்துப் பார்த்தோம். காலை எடுக்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல, செய்வினை என்று இன்னொருவர் சொல்கிறார்.
– வாசகர், சாயல்குடி

உன் அப்பாவுக்கு இருப்பது மதுரைப் பாதமாக இருக்கலாம். மருத்துவர்கள் மைசிடோமா என்பார்கள். 1842-ல் மதுரையில் மருத்துவம் பார்த்த கில் என்ற வெள்ளைக்காரர் நம் பக்கத்து ஆட்களிடம் பார்த்து எழுதியதால் உலகம் முழுக்க இன்றைக்கும் அதற்கு மதுரையின் பெயர்தான். அவ்வளவு காலமாக நம் மண்ணில் இருக்கிற நோயை நம் ஆட்களே செய்வினை என்று நினைக்கிறார்களே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. செய்வினை என்று சொன்னவருக்கு ஒரு பைசா கொடுக்காதே.

மண்ணிலும் முள்ளிலும் சில பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வாழ்கின்றன. முள் தோலைத் துளைக்கும்போது அவை உள்ளே போய், அவசரமில்லாமல் வருஷக் கணக்கில் வளர்கின்றன. வலி இல்லாததுதான் இதில் பெரிய ஆபத்து. வலித்திருந்தால் அப்பா அப்போதே வந்திருப்பார். வீக்கம், துளை, அதிலிருந்து வரும் பொடி மூன்றும் சேர்ந்தால் கிட்டத்தட்ட இதுதான். பொடி கருப்பு என்று எழுதியிருக்கிறாய். கருப்பு என்றால் பொதுவாகப் பூஞ்சை. மஞ்சள், சிவப்பு என்றால் பாக்டீரியா. இரண்டுக்கும் மருந்து முழுக்க வேறு, அதனால் பொடியைப் பார்க்காமல் யாரும் மருந்து எழுதக் கூடாது. புண்ணைக் கட்டிய துணியில் ஒட்டியிருக்கும் பொடியைத் தூக்கிப் போடாமல் ஒரு சுத்தமான டப்பாவில் கொண்டு போ.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போ. எக்ஸ்ரே எடுத்து எலும்பு வரை போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள், சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். பாக்டீரியா என்றால் பெரும்பாலும் மாத்திரை ஊசியிலேயே சரியாகும். பூஞ்சை என்றால் மாதக் கணக்கில், ஒரு வருஷத்துக்கு மேல்கூட மாத்திரை, சில சமயம் கெட்ட சதையை மட்டும் வெட்டி எடுக்கும் அறுவை. காலை எடுப்பது கடைசி வழி. ஒருவர் வாய்ப்பேச்சில் சொன்னதைக் கேட்டு அப்பாவைப் பயமுறுத்தாதே. ஆனால் பாதியில் மருந்தை நிறுத்தினால் திரும்ப வளரும், அந்தக் கடைசி வழிக்கும் கொண்டு போகும். பேருந்துச் செலவும் கூலி இழப்பும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் எத்தனை நாளுக்கு மாத்திரை தர முடியும் என்று கேட்டு வாங்கிக்கொள்.

எருக்கம்பாலையும் சுண்ணாம்பையும் இனி வைக்காதே. கரிமூட்டத்துக்குப் போகும் மற்றவர்களுக்கும் சொல். முள் துளைக்காத அடித்தோல் கொண்ட செருப்பு வேண்டும். ரப்பர் செருப்பைக் கருவேல முள் ஊடுருவி வந்துவிடும், அதனால் பழைய டயரில் தைத்த செருப்பு நல்லது. முள் குத்தினால் முழுவதும் எடுத்து சோப்புப் போட்டுக் கழுவி, தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் ரண ஜன்னி ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். ரண ஜன்னிக் கிருமியும் மண்ணில்தான் இருக்கிறது. குத்திய இடத்தில் மண்ணையோ சாணியையோ அப்புவதைப் போலக் கெடுதல் வேறில்லை.

*

எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் வெறுங்காலோடு வருகிறார்கள். மைதானம் முழுக்க மணல், சுற்றிலும் தென்னை. சில பிள்ளைகளின் காலில் புழு ஊர்வது போலச் சிவப்புக் கோடு, ஒரே அரிப்பு. பல பிள்ளைகள் வகுப்பில் சோர்ந்து தூங்குகிறார்கள். மண்ணுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– ஆசிரியை, மண்டபம்

உண்டு டீச்சர், இரண்டு விதமாக. அந்தச் சிவப்புக் கோடு நாய், பூனையின் கொக்கிப்புழுக் குஞ்சு. மனித உடம்புக்குள் மேலே போகத் தெரியாமல் தோலுக்கடியிலேயே சுற்றும். பார்க்கப் பயமாக இருந்தாலும் மாத்திரையில் போய்விடும், சொறிந்து புண்ணாகாமல் பார்த்தால் போதும்.

தூங்கும் பிள்ளைகள்தான் என் கவலை. மனிதக் கொக்கிப்புழு மலத்தோடு மண்ணுக்கு வந்து, அங்கே குஞ்சாகி, விரலிடுக்கில் புகுந்து, ரத்தத்தில் ஏறிக் குடலில் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கும். வெயிலில் சுடும் மணலில் அந்தக் குஞ்சு பிழைக்காது. தென்னை நிழலில் ஈரமாக இருக்கும் மணல், கிணற்றடி, தண்ணீர்க் குழாயடி, புதர் மறைவு ஆகிய இடங்களில்தான் பிழைக்கும். ரத்தம் குறைந்த பிள்ளைக்கு மண் தின்ன ஆசை வரும், தின்றால் வேறு புழுவும் ஏறும், பக்கத்தில் ஈயம் உருக்கும் வீடு இருந்தால் அதுவும் ஏறும். தங்கச்சிமடத்துக் கடிதத்தையும் கீழக்கரைக் கடிதத்தையும் நீங்களும் ஒருமுறை படியுங்கள். உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையின் வீட்டில் குண்டு வார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது உங்களால் சுலபம். அப்படிப்பட்ட பிள்ளைகளின் பட்டியலைக் கிராம சுகாதார செவிலியரிடம் கொடுங்கள்.

பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள். அன்று பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல் உங்கள் முன்னாலேயே மென்று விழுங்க வையுங்கள். அன்று வராத பிள்ளைக்கு அடுத்து வரும் விடுபட்டோர் நாளில் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து ஆகஸ்ட் சுற்றிலும் மறக்க வேண்டாம். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று தினமும் பாருங்கள். தண்ணீர் இல்லாத நாளில்தான் பிள்ளைகள் தென்னை மறைவுக்குப் போவார்கள். அரசு கொடுக்கும் காலணி அளவு சரியில்லாமல் வீட்டில் கிடந்தால் பிள்ளைகளுக்குள் மாற்றிப் போடச் செய்யுங்கள். மதியச் சாப்பாட்டு வரிசைக்கு முன்னால் சோப்பு வையுங்கள். நகத்தை வெள்ளிக்கிழமை தோறும் நீங்களே பாருங்கள், நகம் வளர்ந்த பிள்ளையிடம் திட்டாமல் நகவெட்டியைக் கொடுங்கள்.